என் வயதுக் காப்பிச் செடி

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் என் வயதில் ஒரு காப்பிச் செடி இருந்தது. நான் பிறந்து மூன்றாம் மாதம், மலையோரம் குரங்கணியில் இருக்கிற தாய்வீட்டிலிருந்து போடிக்குத் திரும்பியபோது, அம்மா என்னை மடியிலும் ஒரு பால்பவுடர் டப்பாவைக் காலடியிலும் வைத்துக்கொண்டு ஜீப்பில் வந்தாளாம். டப்பாவுக்குள் இரண்டு இலை விட்ட காப்பி நாற்று. பிள்ளை பெற்றுத் திரும்புகிறவளை மற்ற வீடுகளில் நகை போட்டு அனுப்புவார்கள், இவள் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாளே என்று அத்தை அன்றைக்கே சொன்னதாகக் கேள்வி. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

காப்பி, மலையில் வளர்கிற செடி. போடி வெயிலில் தரையில் வைத்தால் ஒரு கோடையைத் தாண்டாது. அம்மா தாவரவியல் படித்தவள். படித்த படிப்புக்கு எங்கள் வீட்டில் வேறு வேலை எதுவும் இல்லாததால் அத்தனையையும் அந்தச் செடி மேல் இறக்கினாள். யாரோ கொடுத்த பழைய வாரப் பத்திரிகையில் தட்டில் நிற்கும் ஆலமரத்தின் படம் ஒன்றைப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து எங்கள் காப்பிச் செடி போன்சாய், அதாவது தட்டில் வளர்க்கிற குட்டி மரம், ஆகிவிட்டது. பானைக் கடையில் சொல்லிவைத்து, அடியில் ஓட்டை போட்ட அகலமான மண்தட்டு ஒன்றைச் செய்து வாங்கினாள். மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற கடையிலிருந்து செம்புக் கம்பி வந்தது. அதைக் கிளைகளில் சுற்றி, தான் நினைத்த பக்கமெல்லாம் வளைத்தாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பச்சை வலை கட்டி அதற்குக் கீழே செடி உட்கார்ந்திருந்தது. ஆடிக் காற்றில் வலை பிய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விடும். அதை வாங்கி வருவது என் வேலை.

எனக்கு ஒன்பது வயதானபோது செடிக்கும் ஒன்பது வயது. உயரம் ஒரு முழம். அடித்தண்டு மட்டும் என் மணிக்கட்டுப் பருமன் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மலையில் எங்கோ நிற்கிற கிழட்டு மரத்தைப் போலவே இருக்கும். கிட்டே போனால்தான் அதன் இலை நம் கட்டைவிரலை விடக் கொஞ்சம்தான் பெரிது என்று தெரியும்.

ஒரு வருடம் விட்டு ஒரு வருடம், ஆடி பிறந்ததும், அம்மா செடியைத் தட்டிலிருந்து தூக்கி வேரைக் கத்தரிப்பாள். நான் நான்காம் வகுப்பில் இருந்த ஆடியில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணை உதறியதும் வேர் சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி தொங்கியது. அம்மா கத்தரிக்கோலால் ஓரமாகச் சீவிக்கொண்டே போனாள்.

“வலிக்காதாம்மா?” என்றேன்.

“வலிக்காது. நகம் வெட்டுற மாதிரிதான்.”

“எதுக்கு வெட்டுற?”

“வேர வெட்டுனாத்தான் செடி சின்னதா இருக்கும். இல்லாட்டி தட்டு பத்தாதுல்ல.”

அம்மா சொன்னது அவ்வளவுதான். சொல்லிவிட்டு மண்ணைப் பரப்பி, செடியை மறுபடி உட்காரவைத்து, பூவாளியால் தண்ணீர் தெளித்துவிட்டுக் கீழே போய்ச் சோறு வடித்தாள். எனக்குத்தான் அந்த இரண்டு வாக்கியங்களும் மனதில் ஒட்டிக்கொண்டன.

ஏனென்றால் நானும் வளரவில்லை. பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்துக்கு உயர வரிசையில் நிறுத்துவார்கள். முதல் வகுப்பிலிருந்தே நான்தான் வரிசைக்கு முதல் ஆள். ஆண்டு விழா நாடகங்களில் தொடர்ந்து முயலாக இருந்தேன். சிங்கம் யார் யாரோ மாறினார்கள், முயல் மாறவில்லை. குரங்கணி மாமா, அம்மாவின் தம்பி, எனக்கு ‘ஏலரிசி’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார். ஏலக்காய்க்குள் இருக்கிற கறுப்பு விதை அது. அப்பாவுக்கு ஏலக்காய்க் கடை. காயைச் சல்லடையில் போட்டுப் பெரிது சிறிதாகப் பிரிப்பதையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர். நான் அழுதுகொண்டு கடைக்குப் போனால் அவர் ஆறுதல் சொல்வார்.

“சின்னக் காய்க்கும் வாசம் ஒண்ணுதான்த்தா. வெலைதான் கொஞ்சம் கம்மி.”

இதைவிடச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

என் உயரத்தை உண்மையாகவே மனதில் போட்டுக்கொண்டது அத்தைதான். அவளுக்கு என் மேல் கொள்ளை ஆசை. வெள்ளிக்கிழமைதோறும் கையில் ஏதாவது தின்பண்டத்தோடு வருவாள். வந்ததும் என்னை அடுப்பங்கரைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் கரித்துண்டால் ஒரு கோடு இழுப்பாள். போன வெள்ளியின் கோடும் இந்த வெள்ளியின் கோடும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, அந்த இடம் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. கேப்பைக் கூழ், நாட்டுக்கோழி முட்டை, ஊறவைத்த பாதாம் எல்லாம் நடந்தன. மாடிப்படிக் கம்பியில் தினமும் காலையில் தொங்கச் சொன்னாள். தொங்கினேன். கைதான் நீண்ட மாதிரி இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் டிவியில் வாஸ்து சொல்கிற ஒருவர், வளரவிடாமல் கத்தரித்து வைக்கும் செடி வீட்டுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். அத்தை அன்று வெள்ளிக்கிழமை இல்லாமலே வந்தாள். நேராக மாடிக்கு ஏறிப் போனாள்.

அது பங்குனி மாதம். அந்த வருடம் அம்மா ஒரு காரியம் செய்திருந்தாள். மலையில் காப்பிச் செடி வெயிலில் நன்றாகக் காய்ந்து கிடக்கும்போது ஒரு மழை பெய்ய வேண்டும். அந்த மழை விழுந்தால்தான் பூக்கும். தினம் தவறாமல் தண்ணீர் ஊற்றிச் சீராட்டினால் இலைதான் தழைக்கும். ஒன்பது வருடமாக அம்மா சீராட்டித்தான் கெடுத்திருக்கிறாள். இந்த முறை தை கடைசியிலிருந்து தண்ணீரைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் நிறுத்தியே விட்டாள். இலையெல்லாம் துவண்டு தொங்கியது. எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவளுக்கும்தான். மாடிக்குப் போவதையே தவிர்த்தாள். பிறகு ஒரு நாள் குழாயைத் திறந்து, தொட்டித் தண்ணீர் பாதி குறைகிற வரை பிடித்து நனைத்தாள். ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் மாடிப்படி வரை வாசம் வந்தது. கிளைக் கணுக்களில் எல்லாம் வெள்ளை வெளேரென்று பூ. மல்லிகை மாதிரி வாசம், ஆனால் கொஞ்சம் தேன் கலந்த மாதிரி. அம்மா என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. செடி பூத்ததற்கு யாராவது அழுவார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்தப் பூ உதிர்ந்து, கணுவில் மிளகு மாதிரிப் பச்சைக் காய் பிடித்திருந்த நேரத்தில்தான் அத்தை மாடிக்கு ஏறினாள். இறங்கி வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏப்பா தம்பி, நான் சொல்றேன்னு கோவிச்சுக்கிறாத. வளர்ற பிள்ளை இருக்கிற வீட்டுல வளராத செடிய வச்சா வெளங்குமா? ரெண்டும் ஒண்ணா ஜீப்புல வந்துச்சுக. ரெண்டும் ஒண்ணா நிக்கிதுக, பாரு.”

அப்பா ரசத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அக்காவும் வேண்டும், ரசமும் வேண்டும். அம்மா அத்தைக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, சிரித்த முகமாகவே கேட்டாள்.

“மதினி, போடிமெட்டுல ஒங்க தோட்டத்துல எத்தனை காப்பிச் செடி இருக்கும்?”

“அது கெடக்கும் ஆயிரக்கணக்குல. அதுக்கென்ன இப்ப?”

“ஒண்ணையாவது அது இஷ்டத்துக்கு வளர விட்ருக்கீகளா? பழம் பறிக்க எட்டணும்னு நெஞ்சு ஒசரத்துல தலைய வெட்டித்தான வச்சிருக்கீக? வருசா வருசம் ஆள விட்டு கவாத்து பண்றீக. ஒங்க பிள்ளைக ரெண்டும் நெலையில தல இடிக்க வளந்து நிக்கிதுக. அப்ப எந்தச் செடி எந்தப் பிள்ளைய மறிக்கிது மதினி?”

அப்பாவுக்குப் புரையேறியது. “படிச்சவ பேச்சு இப்பிடித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அத்தை எழுந்து போனாள். காப்பி அப்படியே ஆறிக் கிடந்தது. அம்மா அதை எடுத்துத் தானே குடித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் ஒரு காப்பியைக் குடித்து நான் பார்த்ததில்லை.

அம்மா ஜெயித்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் என் பயம் போகவில்லை. போடிமெட்டுச் செடிகள் எதுவும் அத்தை பிள்ளைகளோடு ஜீப்பில் வந்தவை அல்ல. அவர்கள் வயதும் அல்ல. தலையை வெட்டினார்கள், சரி. வேரை வெட்டவில்லையே. வேரை வெட்டுவது நகம் வெட்டுகிற மாதிரி என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். வேர் வெட்டினால் செடி வளராது என்றும் அவளே சொல்லியிருக்கிறாள். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னை மடியில் போட்டு நகம் வெட்டிவிடுகிறாளே, அது என்ன?

கையைக் காப்பாற்ற வழியில்லை. திங்கட்கிழமை டீச்சர் மேசை மேல் கைகளை வைக்கச் சொல்லி நகம் பார்ப்பார். வளர்ந்திருந்தால் ஸ்கேலால் ஒன்று விழும். கால் அப்படியில்லை. ஷூவும் சாக்சும் போட்டால் டீச்சருக்குத் தெரியாது. இனிமேல் கால் நகத்தை நானே வெட்டிக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டதென்று அவளும் விட்டுவிட்டாள். கோடை விடுமுறை போனது, பள்ளி திறந்தது, ஐந்தாம் வகுப்பு வரிசையிலும் முதலில் நின்றேன். நகம் மட்டும் நன்றாக வளர்ந்தது. ஷூவுக்குள் குத்தியது. நடை லேசாகச் சாய்ந்தது. வளர்கிறவர்களுக்கு இப்படித்தான் வலிக்கும் போல என்று பொறுத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்து ஒரு சனிக்கிழமை, துவைக்கப் போட்ட என் சாக்சைக் கையில் எடுத்த அம்மா, அதில் விரல் நுழைகிற ஓட்டையையும் அதைச் சுற்றி ரத்தக் கறையையும் பார்த்துவிட்டாள். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காலைப் பிடித்து இழுத்தாள்.

“என்னடி இது? பருந்துக் காலாட்டம் வளத்து வச்சிருக்க! கொண்டா அந்த நகவெட்டிய.”

நான் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன். “வேணாம். வெட்டுனா வளர மாட்டேன்ல.”

“யாரு சொன்னா? அத்தையா?”

“நீதான் சொன்ன.”

“நான் எப்பச் சொன்னேன்?”

“செடிக்கு வேர் வெட்டுறப்ப. நகம் வெட்டுற மாதிரிதான்னு சொன்னேல்ல. வெட்டுனாத்தான் சின்னதா இருக்கும்னும் சொன்னேல்ல.”

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நகத்தில் உயிர் இல்லை, வேர் வேறு, நகம் வேறு என்றெல்லாம் விளக்கினாள். தாவரவியலில் இருந்து விலங்கியலுக்கே போய்விட்டாள். நான் காலை வெளியே எடுக்கவில்லை. கடைசியில், “அடியே, நான் குட்டை. என் வயித்துல பெறந்த நீயும் குட்டை. அம்புட்டுத்தான்” என்றாள்.

எனக்கு அது புதுச் செய்தி. யோசித்துவிட்டுக் கேட்டேன்: “நீ சின்னப்பிள்ளையா இருக்கப்ப ஒங்க வீட்டுல எந்தச் செடிய வெட்டுனாக?”

அம்மாவின் சிரிப்பு நின்றது. என் காலைத் துணியோடு சேர்த்துத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு காயத்தில் மஞ்சள் வைத்துவிட்டு, நகவெட்டியை எடுத்த இடத்தில் வைத்தாள். தப்பித்தேன் என்று நான் விளையாட ஓடிவிட்டேன்.

அன்று மாலை அப்பா கடையிலிருந்து வந்ததும், “நாளைக்கு நானும் பிள்ளையும் கொரங்கணி போறோம். செடிய அங்க தோட்டத்துல வச்சிட்டு வந்துர்றோம்” என்றாள்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “எங்கக்கா சொன்னதுக்கா? அன்னைக்கே அவுகள வாயடச்சிட்டயே.”

“அதுக்கில்ல. மாடியில வெயிலு தாங்கல.”

ஒன்பது கோடையைத் தாங்கிய செடி. வெளியே ஆடிக் காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. அவருக்குக் கேட்காமல் இருப்பதில் நல்ல பழக்கம் உண்டு. விஷயம் எப்படியோ அத்தைக்குப் போய், மறுநாள் விடியற்காலையில் அவள் ஒரு தூக்குச்சட்டி நிறையப் பணியாரத்தோடு வந்து நின்றாள். “இப்பவாவது புத்தி வந்துச்சே, நல்லா இரு” என்று அம்மாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அம்மா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயடைத்துப் போன அம்மாவைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அத்தை பேச்சுதான் நிஜம், அம்மாவுக்கு இத்தனை நாள் கழித்து அது உறைத்திருக்கிறது, அதனால்தான் பேச்சில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதே நேரம் உள்ளுக்குள் ஒரு குதூகலம். இனி வளர்ந்துவிடலாம்.

குரங்கணியில் மாமா ஜீப்போடு காத்திருந்தார். தோட்டத்துக்கு ஆளையும் லோடையும் ஏற்றிப் போகிற ஜீப்பு அது. அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து மண்தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குப் பின்னால் சாக்கு மூட்டை மேல் இடம் கிடைத்தது. மேடு பள்ளத்தில் ஜீப்பு தூக்கிப் போடும்போதெல்லாம் அம்மா செடியின் காய்க் கிளைகளைக் கையால் அணைத்துப் பிடித்தாள்.

“ஏக்கா, ஒம்பது வருசம் வளத்துட்டு, காய் பிடிச்ச நேரத்துலயா கொண்டாந்து நடுவாக? பழுக்கட்டும்னு தையி வரைக்கும் விட்டா என்ன?” என்றார் மாமா.

“நீ ரோட்டப் பாத்து ஓட்டு.”

மேலே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் மாமா குழி எடுத்தார். அம்மா முதலில் கிளைகளில் இருந்த செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கம்பி இருந்த இடமெல்லாம் பட்டையில் தழும்பு. தட்டிலிருந்து செடியைத் தூக்கியபோது வேர் தட்டின் வடிவத்திலேயே வட்டமாகச் சுருண்டிருந்தது. மாமா கத்தியை நீட்டினார்.

“சுருண்ட வேர வெட்டி விட்ருக்கா. அப்பத்தான் கீழ எறங்கும்.”

அது சரியான யோசனைதான். எந்தத் தோட்டத்திலும் அப்படித்தான் நடுவார்கள். அம்மாவுக்கு அது தெரியாமல் இருக்காது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “வேணாம், ஒண்ணையும் வெட்ட வேணாம்” என்று சொல்லி, சாரலில் நனைந்துகொண்டே உட்கார்ந்து, ஒவ்வொரு வேராக விரலால் பிரித்துக் குழிக்குள் நீட்டிவிட்டாள். மாமா பொறுமையிழந்து, “வெரசா, வெரசா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

காய்கள் ஒரு வாரத்தில் எல்லாமே கொட்டிவிட்டன என்று மாமா போன் செய்தார். அம்மா “சரி” என்று வைத்தாள். செடி பிழைத்துக்கொண்டது. இரண்டு வருடம் முக்கி முனகி, பிறகு விறுவிறுவென்று கிளம்பி மாமாவின் உயரத்தைத் தாண்டியதும் அவர் வழக்கப்படி தன் தலை மட்டத்தில் நுனியை வெட்டிவிட்டார். இன்றைக்கும் வருடா வருடம் கவாத்து நடக்கிறது. நான் பள்ளி முடிக்கும்வரை வரிசையில் முதல் ஆளாகத்தான் நின்றேன். அந்தச் செடியின் மேல்கிளைப் பழத்தை இப்போதும் நான் குதிகாலை உயர்த்தித்தான் பறிக்கிறேன். மாடியில் அம்மா மறுபடி எந்தச் செடியையும் தட்டில் வைக்கவில்லை.

அன்று நட்டு முடித்து, மண்ணை மிதித்துவிட்டு, மாமா ஜீப்பைத் திருப்பப் போனார். அம்மா ஓடைக்குப் போய்க் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள்.

“பாத்தேல்ல? வேர் ஒண்ணையும் வெட்டல. மண்ணுல விட்டாச்சு. இனி அதுபாட்டுக்கு வளரும்.”

“நானும் வளருவேன்ல?”

“நீயும்தான். கால நீட்டு.”

நீட்டினேன். எனக்கு இனி என்ன பயம்? அவள் என் பாதத்தைத் தன் மடியில் வைத்து, புண்ணில் படாமல் ஒவ்வொரு விரலாக வெட்டினாள். நகத் துண்டுகள் ஓடைத் தண்ணீரில் விழுந்து போவதை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையிடம் அம்மா தோற்றுவிட்டாளே என்ற வருத்தம் மட்டும் கொஞ்சம் இருந்தது. செடி நடப் போகிறவள் போடியிலிருந்து நகவெட்டியை எதற்காக எடுத்து வந்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.